ஆச்சி விபூதி போட்டுத் துலக்கிய 1911 ரூபாய்: தரச்சான்றுக்கு அனுப்பலாமா?

கேள்வி: செம்பூர்க்காரி

வணக்கம். நாணயம் சேகரிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் ஆச்சியின் பூஜை அலமாரியில் இருந்த மூன்று வெள்ளி ரூபாய்களைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். விவரமாகச் சொன்னால்தான் பதில் சொல்பவர்களுக்கு வசதி என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கல்யாணமாகி மும்பைக்கு வந்தவர் செம்பூரில் ஒரே வீட்டில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். போன தை மாதம் காலமானார். பேரப்பிள்ளைகள் நாங்கள் மூவர்: அண்ணன், நான், தங்கை. "ஆளுக்கு ஒரு ரூபாய் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஆச்சியே சொல்லியிருந்தார். எது யாருக்கு என்று சொல்லவில்லை. மூன்றும் ஒரே மதிப்புள்ளவையா என்று தெரியாமல் எப்படிப் பிரிப்பது என்று அண்ணன் கேட்கிறார். அவர் கேட்பதில் தப்பில்லை. ஆனால் நாளைக்கு ஒருவருக்கு லட்சமும் மற்றவருக்கு ஆயிரமும் என்று தெரியவந்து எங்களுக்குள் மனக்கசப்பு வந்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு இருக்கிறது.

முதல் காசு 1911-ஆம் ஆண்டுடையது, கிரீடம் வைத்த ஐந்தாம் ஜார்ஜ். ஆச்சி இதைத்தான் லட்சுமியாக வைத்துக் கும்பிட்டார். ஆடி வெள்ளி, தை வெள்ளி, தீபாவளி என்று வந்துவிட்டால் குத்துவிளக்கோடு சேர்த்து இதையும் துலக்குவார். கட்டைவிரலில் விபூதியைத் தொட்டு வட்டவட்டமாகத் தேய்ப்பார். விரல் கறுக்கக் கறுக்கக் காசு வெளுக்கும். இப்போதும் கண்ணாடி போலத்தான் இருக்கிறது.

இரண்டாவது 1862, விக்டோரியா ராணி. காசுமாலையிலிருந்து பிரித்தது. மேல் விளிம்பில் கொக்கி வைத்துப் பற்றவைத்த தடம் இருக்கிறது.

மூன்றாவதை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. மஞ்சள் துணியில் முடிந்து கிடக்கிறது. ஆச்சிக்கு நாலு வயதில் விஷக்காய்ச்சல் வந்தபோது ஆச்சியின் அம்மா திருச்செந்தூர் முருகனுக்கு முடிந்து வைத்த காசு அது. பிள்ளை பிழைத்தாள், ஆனால் காசு கோயிலுக்குப் போகவில்லை. பின்னால் ஆச்சி ஊருக்குப் போன இரண்டு முறையும் அது அலமாரியிலேயே தங்கிவிட்டது. "சாமி காசு, அவிழ்க்காதே" என்று எங்களைத் தொடவிட மாட்டார். துணிமேல் தடவிப் பார்த்தால் ஒரு ரூபாய் அளவுதான் தெரிகிறது.

முதல் இரண்டையும் எடுத்துக்கொண்டு கோட்டைப் பகுதியில் பழங்காசு விற்பவர் ஒருவரிடம் போனேன். ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "துலக்கிய காசு அம்மா, வெள்ளி விலைக்குமேல் ஒரு பைசாகூடத் தரமாட்டேன்" என்று நீட்டிவிட்டார். நாலு கடை தள்ளி இன்னொருவர் வேறு பாட்டுப் பாடினார்: அமெரிக்காவுக்கு அனுப்பித் தரச்சான்று வாங்கிப் பெட்டியில் அடைத்து வந்தால் ஐந்து மடங்கு விலை போகும், தானே அனுப்பித் தருகிறேன், காசையும் கட்டணத்தையும் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். நான் கொடுக்கவில்லை.

துலக்கிய காசு என்று ஒரு நிமிடத்தில் எப்படித் தெரிந்தது? தரம் பார்ப்பவர்கள் எதைத்தான் பார்க்கிறார்கள்? சான்றுக்கு அனுப்பலாமா, வேண்டாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மறுமொழி: மாட்டுங்கா பழங்காசு

சகோதரி, காசைக் கொடுக்காமல் வந்தீர்களே, அதற்கே முதலில் நன்றி. நாற்பது ஆண்டுகளாகப் பிரிட்டிஷ் இந்தியா ரூபாய்களைச் சேர்க்கிறேன். உங்களைப் போன்றவர்கள் கையெழுத்துகூட வாங்காமல் காசைக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் அலைந்த கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன்.

இன்றிலிருந்து மூன்று காசுகளையும் யாரும் தேய்க்க வேண்டாம். விபூதி, புளி, எலுமிச்சை, பற்பசை, வெள்ளி துலக்கும் திரவம் எதுவும் வேண்டாம். ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம். தூக்கும்போது இரண்டு விரலால் விளிம்பைப் பிடியுங்கள், முகத்தில் விரல் படக் கூடாது. கீழே மடித்த துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிமிடத்தில் எப்படித் தெரிந்தது என்று கேட்டீர்கள். அவருக்குப் பத்து விநாடியே அதிகம். காரணத்தைச் சொல்கிறேன். வெள்ளி வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளை மேற்பரப்பில் விட்டுச்செல்கிறது. விளக்கின் கீழ் காசைச் சாய்த்துச் சுற்றினால் அந்த வரிகளில் ஒளி பட்டு, காற்றாடியின் இதழ்கள் சுழல்வது போல மினுக்கம் காசைச் சுற்றி வரும். இதுதான் காசு அடிக்கும் நாணயச் சாலையிலிருந்து வந்த நாளின் பளபளப்பு. தேய்த்துக் கொண்டுவரும் பளபளப்பு வேறு சாதி. அது முழுப் பரப்பிலும் ஒரே மாதிரி பளிச்சென்று நிற்கும், சுழலாது. விபூதி மெல்லியதுதான், ஆனாலும் தூள் தூள்தான். ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்த வரிகளைக் கொஞ்சம் அரைத்துவிட்டுத் தன் கோடுகளைப் போட்டுவிடும். போன வரிகளை உலகத்தில் யாராலும் திரும்ப வரைய முடியாது. அதனால்தான் கறுத்துப்போன காசுக்கு நாங்கள் தரும் மரியாதையைப் பளிச்சென்ற காசுக்குத் தருவதில்லை. வெள்ளி கறுப்பது காற்றில் உள்ள கந்தகத்தால். அந்தக் கருமை காசின் தோலோடு தோலாக இருப்பது.

நீங்களே இன்றிரவு பார்த்துவிடலாம். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். டியூப்லைட்டில் எதுவும் தெரியாது, ஒளி பரவிக் கோடுகளை மறைத்துவிடும். மேசைவிளக்கில் பழைய குண்டு பல்பு இருந்தால் மிகவும் நல்லது. காசை விளக்குக்குக் கீழே ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெல்ல மெல்லச் சாயுங்கள். முதலில் வெறும் கண்ணால் பாருங்கள், பிறகுதான் லென்ஸ். ஐந்து மடங்கு, மிஞ்சினால் பத்து மடங்கு போதும். அதற்குமேல் போனால் எல்லாக் காசும் போர்க்களம் போலத் தெரியும், மனம் சோர்ந்துவிடும்.

தேய்மானத்தைப் பார்க்க மேடான இடங்களுக்குப் போக வேண்டும். ஜார்ஜ் ரூபாயில் கிரீடத்தின் கற்கள், புருவம், காதுக்கு மேல் உள்ள முடி, மீசை ஆகியவைதான் முதலில் தேயும். பிறகு அங்கியின் சங்கிலியில் இருக்கும் யானை. உங்கள் 1911 காசில் அந்த யானையைத் தனியாகப் பாருங்கள், ஏனென்றால் அந்தக் காசின் கதையே அந்த யானைதான். அது இந்தியப் பேரரசின் விருதுச் சங்கிலியில் உள்ள யானை. 1911-இல் அச்சு வெட்டியவர் துதிக்கையைக் குட்டையாக வெட்டிவிட்டதால் ஜனங்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. மன்னர் பன்றியை மார்பில் அணிந்திருக்கிறார் என்று மத உணர்வு புண்பட்டுப் பெரிய கூச்சல் எழுந்தது. கல்கத்தாவிலும் பம்பாயிலுமாக அடித்தது ஏறக்குறைய 94 லட்சம்; புழக்கத்துக்கு வந்தது 7 லட்சம் அளவுக்குத்தான்; மற்றதை உருக்கிவிட்டார்கள். 1912 முதல் துதிக்கை நீண்டு தெளிவான யானை வந்தது. எங்களுக்குள் அந்த 1911 காசைப் 'பன்றி ரூபாய்' என்றே சொல்வோம். ஆகவே வெள்ளி விலைக்குமேல் பைசா தரமாட்டேன் என்றவர் உண்மையில் பாதியைத்தான் சொன்னார். துலக்கியது என்பது சரி. 1911 என்பதற்கு ஒரு கூடுதல் உண்டு என்பதை அவர் சொல்லவில்லை.

பின்பக்கத்தில் சுற்றிவரும் பூங்கொடியின் அடியில் ஒரு தாமரை இருக்கும். அதன் கீழே சின்னப் புள்ளி எழும்பி நின்றால் காசு நம் பம்பாய் நாணயச் சாலையில் அடித்தது. புள்ளி இல்லையென்றால் கல்கத்தா. பம்பாய் என்றால் நீங்கள் காசோடு நடந்த அதே கோட்டைத் தெருக்களில்தான் அது பிறந்திருக்கிறது. அந்த நாணயச் சாலை 1829 வாக்கில் எழுந்த அதே கட்டடத்தில் இன்றும் இருக்கிறது. பக்கத்திலேயே ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகமும் உண்டு, 2004-இல் திறந்தது. துலக்காத காசு எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்கிக்கொள்ள அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை. நான் கண்ணைப் பழக்கியது கண்ணாடிப் பேழைகளுக்கு முன்னால் நின்றுதான்.

இனி சான்று. உலகமெங்கும் பயன்படுவது 1 முதல் 70 வரை மதிப்பெண். 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் அவர்கள் நாட்டுப் பழைய செம்புக் காசுகளுக்காக வகுத்தது. பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு அமெரிக்கத் தரச்சான்று நிறுவனங்கள் முறையே 1986-இலும் 1987-இலும் தொடங்கி, காசைச் சோதித்து மதிப்பெண் போட்டு முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துக் கொடுக்கும் வழக்கத்தைப் பரப்பின. எழுத்துகள் எல்லாம் தேய்ந்து முகம் நிழலாக நிற்பது ஒற்றை இலக்கம். முடியும் கிரீடமும் ஓரளவு தெரிந்தால் விஎஃப், 20 முதல் 35. மேடுகளில் மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தால் எக்ஸ்எஃப், 40 அல்லது 45. தேய்மானத்தின் நிழல் மட்டும் பட்டு மினுக்கம் மிச்சமிருந்தால் ஏயூ, 50 முதல் 58. புழக்கத்துக்கே போகாதது 60 முதல் 70.

ஆனால் துலக்கியது, பற்றவைத்தது, கீறியது, குடைந்தது என்று வந்துவிட்டால் மதிப்பெண் கிடையாது. "எக்ஸ்எஃப் டீடெயில்ஸ், துலக்கியது" என்று மட்டும் அச்சடித்து அனுப்புவார்கள். உருவம் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது, தோல் போய்விட்டது என்று அர்த்தம். ஆச்சியின் 1911-க்கும் காசுமாலை 1862-க்கும் வரக்கூடியது அதுதான். அதற்கு மாதக்கணக்கில் காத்திருந்து பணம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. போலியா என்று சந்தேகம் இருந்தால் பேச்சு வேறு. அதையும் வீட்டிலேயே பாதி தீர்க்கலாம்: எடை 11.66 கிராம், தேய்ந்ததால் கொஞ்சம் குறையலாம். காந்தம் ஒட்டக் கூடாது. தண்ணீரில் அமிழ்த்தி அடர்த்தி பார்த்தால் 10.3 பக்கம் வர வேண்டும். உள்ளே தூய வெள்ளி 10.69 கிராம்.

விளக்கில் பார்த்ததை எழுதுங்கள். மஞ்சள் முடிச்சைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன், அது உங்கள் வீட்டு விஷயம்.


மறுமொழி: தாராவி ஆசாரி

மாட்டுங்கா ஐயா சொன்னதற்கு மேல் நகைத் தொழில் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். 90 அடி சாலையில் பட்டறை, எங்கள் அப்பா காலத்திலிருந்து இதே வேலை.

காசுமாலைக் காசுகளில் கொக்கி வைப்பது பொடி வைத்து ஊதுவதுதான். வெங்காரம் தடவி, பொடியை வைத்து, ஊதுகுழலால் சூடேற்றினால் பொடி உருகிப் பிடிக்கும். காசின் வெள்ளியைவிடக் குறைந்த சூட்டில் உருக வேண்டும் என்பதால் பொடியில் செம்பும் துத்தநாகமும் கூடுதலாக இருக்கும். அந்த இடம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிவது அதனால்தான். அம்மா, அந்தத் தடத்தை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். அரத்தைப் போட்டால் விளிம்பின் வரிகளும் சேர்ந்து போகும். மறுபடி சூடேற்றினால் முகத்தின் நிறம் மாறும். தடம் இருக்கும் காசு பற்றவைத்த காசு என்று நேராகச் சொல்லும். தடத்தை மறைத்த காசுக்கு எடுத்த கொக்கியின் குற்றமும் மறைத்த குற்றமும் சேர்ந்துகொள்ளும்.

வெள்ளிதானா என்று பார்க்கக் கடைக்குக் கொண்டுபோனால் உரைகல்லில் உரசவோ அமிலத் துளி வைக்கவோ விடாதீர்கள். நகையில் அது பழக்கம், காசில் அழியாத வடு. எங்கள் தொழிலிலேயே பலருக்கு இது தெரியாது. பழைய ரூபாய்களில் சராப்புகள், அதாவது காசைச் சோதித்து மாற்றித் தருபவர்கள், உளியால் சின்னதாக வெட்டிப் பார்த்த குறிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் அது நம்பிக்கைக்கு அத்தாட்சி, இன்றைக்குத் தரம் பார்ப்பவருக்கு அது சேதம்.

இன்னொன்று: 1862 என்று இருப்பதால் அந்த ஆண்டில் அடித்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆண்டு எண்ணை மாற்றாமலேயே பத்தாண்டுக்கு மேல் அடித்தார்கள், ஆண்டைக் குறிக்கப் புள்ளிகளை வைத்தார்கள். எழுத்துக்கு மேலும் ஆண்டுக்குக் கீழும் எத்தனை புள்ளி என்று எண்ணி எழுதினால் ஐயா சொல்லிவிடுவார். ஒரு ரூபாய் எடை என்பது எங்களுக்கு ஒரு தோலா, பழைய நிறுவை அளவு. அப்பா தராசில் படிக்கல் காணாமல் போனால் இந்த ரூபாயைத்தான் போட்டு நிறுப்பார். அதனால் அந்தக் காசின் எடை எனக்குக் கையிலேயே தெரியும்.


மறுமொழி: சயான் வழக்கறிஞர்

தரத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் "அமெரிக்காவுக்கு அனுப்பித் தருகிறேன்" என்ற வரியில் நின்றுவிட்டேன்.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டத்தின்படி நூறு ஆண்டுக்குக் குறையாத நாணயம் தொல்பொருள். 1862-உம் 1911-உம் சந்தேகமில்லாமல் அதில் வரும். தொல்பொருளை மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போதான் ஏற்றுமதி செய்யலாம். வேறு யார் செய்தாலும் குற்றம். தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாத, மூன்று ஆண்டு வரையான சிறையும் அபராதமும். திரும்பி வரும் என்று நினைத்து அனுப்பினாலும் நாட்டை விட்டு வெளியே போவது போவதுதான். யாரோ ஒரு கடைக்காரர் தன் பெயரில் கூரியரில் போட்டுச் சுங்கத்தில் பிடிபட்டால் உங்கள் காசும் போகும், உங்களைத் தேடி நோட்டீசும் வரும். எனவே சான்று வேண்டும் என்றே முடிவெடுத்தாலும் சோதனை இந்தியாவுக்குள் நடக்கிறதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாட்டுக்குள் வைத்திருப்பதிலோ பேரப்பிள்ளைகள் பிரித்துக்கொள்வதிலோ எந்தச் சிக்கலும் இல்லை.

ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி "உங்கள் பழைய காசை வாங்குகிறோம், முன்கட்டணம் கட்டுங்கள்" என்று அழைப்பு வந்தால் உடனே போனை வைத்துவிடுங்கள். அப்படி எந்த வியாபாரத்திலும் தான் ஈடுபடுவதில்லை, கமிஷன் கேட்பதில்லை என்று 2021-இல் ரிசர்வ் வங்கியே அறிவித்திருக்கிறது. எங்கள் கட்டடத்திலேயே ஒரு பெரியவர் இப்படிப் பணம் இழந்தார்.


மறுமொழி: செம்பூர்க்காரி

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. சட்ட விஷயம் கேட்டு நடுங்கிவிட்டேன். அண்ணனிடம் அப்படியே படித்துக் காட்டினேன், அனுப்பும் பேச்சை அவரே நிறுத்திவிட்டார்.

நேற்று இரவு தங்கையும் வந்திருந்தாள். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, தையல் மிஷின் மேல் இருக்கும் பழைய குண்டு பல்பின் கீழே துண்டை விரித்து உட்கார்ந்தோம். 1911-ஐச் சாய்த்ததும் புரிந்துவிட்டது. ஐயா சொன்ன காற்றாடி இல்லை. அதற்குப் பதில் முழுப் பரப்பிலும் மயிரிழை மயிரிழையாக வட்டக் கோடுகள். மன்னரின் முகத்துக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில்தான் அதிகம், ஆச்சியின் கட்டைவிரல் முழுதாகப் பதியும் இடம் அது. கோடுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சுழல்கின்றன. ஆச்சி வலமாகத்தான் தேய்ப்பார். தங்கை லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. யானையும் தெரிந்தது. துதிக்கை குட்டைதான், முகம் மழுங்கிவிட்டது, ஆனால் நாலு கால்களும் நிற்கின்றன. தாமரைக்குக் கீழே புள்ளி இருக்கிறது. எடை 11.52.

1862-இல் ஆண்டுக்குக் கீழே நாலு புள்ளி எண்ணினோம், மேலே ஒன்றும் தெரியவில்லை. பற்றவைத்த இடத்தை ஆசாரி அண்ணன் சொன்னபடியே விட்டுவிடுகிறோம்.

பிறகு மஞ்சள் முடிச்சு. அவிழ்க்கலாமா என்று எனக்குத் தயக்கம்தான். அண்ணன் தொலைபேசியில், "கொடுக்க வேண்டியதைக் கொடுக்கப்போகும்போது எதைக் கொடுக்கிறோம் என்று பார்ப்பதில் தப்பில்லை" என்றார். விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு அவிழ்த்தோம். முடிச்சு விரலுக்கு வசப்படவில்லை, ஊக்கு முனையால் நெகிழ்த்தினோம். துணி மடிப்பில் மட்டும் மஞ்சள், மற்ற இடமெல்லாம் வைக்கோல் நிறம்.

1918. அதே ஜார்ஜ். ஆனால் இது வேறு காசு. விளிம்பைச் சுற்றி நீலமும் சாம்பலும் கலந்த வளையம், உள்ளே வர வரத் தேன் நிறம். பின்பக்கத்தில் ஒரு மூலையில் துணியின் நெசவு கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கிறது. சாய்த்தேன், ஒளி சுழன்றது. பல்பை அசைக்கவில்லை, காசை மட்டும்தான் திருப்பினேன், இரண்டு வெளிச்ச இதழ்கள் மன்னரின் தலையைச் சுற்றி ஓடின. தங்கை "அக்கா, அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிரீடத்தின் உச்சியிலும் புருவத்திலும் மட்டும் மங்கல். யானை முழு யானை, தந்தம்கூடத் தெரிகிறது. இதற்கும் புள்ளி இருக்கிறது. எடை 11.64.

ஐயா, இதன் தரம் என்ன? எங்கள் கஷ்டம் உங்களுக்குப் புரிந்திருக்கும். மூன்றில் நல்லது இதுதான் என்றால், அது எங்களுடையதே இல்லை.


மறுமொழி: மாட்டுங்கா பழங்காசு

சகோதரி, உங்கள் பதிலை மூன்று முறை படித்தேன். நீங்கள் எழுதியதைவிடத் தெளிவாக ஒரு சான்றுப் பெட்டியின் சீட்டு சொல்லாது.

படம் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். எழுதியதை வைத்துச் சொன்னால் 1911-இன் உருவம் விஎஃப்புக்கும் எக்ஸ்எஃப்புக்கும் நடுவில், துலக்கியது. 1918, ஏயூ. 55 என்று போட்டாலும் நான் வியக்கமாட்டேன். மங்கல் மேட்டில் மட்டும், மினுக்கம் பள்ளங்களில் முழுதாக. மேட்டின் மங்கல் சாம்பலாக இருந்தால் தேய்மானம், அங்கேயும் மினுக்கம் ஓடினால் அச்சு முழுதாக அழுந்தாதது. இந்த ஒன்றை மட்டும் மறுபடி பாருங்கள். துணியின் கட்டங்கள் பதிந்த நிறத்தைப் போலியாக உண்டாக்குவது கடினம், எங்களில் பலர் அதைத் தேடித் திரிகிறார்கள். மஞ்சள் கறையைத் தொட வேண்டாம்.

விலை விஷயத்தில் அண்ணனின் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். 1918 கோடிக்கணக்கில் அடித்த ஆண்டு. எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அரிய காசு இல்லை. 1911 அரிய ஆண்டு, தோல் போய்விட்டது. 1862-இல் கொக்கித் தடம். ஒன்றின் குறை மற்றொன்றின் நிறையில் சரியாகிவிடுவதால் மூன்றும் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இல்லை. ஒருவருக்கு லட்சம் ஒருவருக்கு ஆயிரம் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். மூன்றுக்கும் சான்றுக் கட்டணம் வீண். நாலு புள்ளி உள்ள 1862-ஐ மட்டும் நேரில் பார்க்க ஆசை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்கா பக்கம் வந்தால் தகவல் அனுப்புங்கள், அண்ணனையும் அழைத்து வாருங்கள்.

முருகன் காசைப் பற்றி முன்பு ஒன்றும் சொல்லமாட்டேன் என்றேன். இப்போது நீங்களே கேட்டதால் சொல்கிறேன். நாற்பது வருடம் காசு சேர்த்தவன் என்ற முறையில் அதைப் பார்க்க எனக்குக் கை துடிக்கிறது. ஆனாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதை உண்டியலில் போட்டுவிடுவேன். அந்தத் தாய் வாக்குக் கொடுத்ததால்தான் அது தொண்ணூறு வருடம் விரல் படாமல் இருந்தது. வாக்கை எடுத்துவிட்டுக் காசை மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வராது. உங்கள் மூவருக்கும் ஒத்துவரவில்லை என்றால் அதற்குச் சமமான வேறு வெள்ளி ரூபாயைச் செலுத்துபவர்களும் உண்டு. அதில் குற்றம் காண நான் யார்.

போடுவதானால் அதற்குமுன் இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடையை எழுதி வையுங்கள். போகும் வரை அதே பழைய துணியில் இருக்கட்டும். கடைகளில் கிடைக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளில் போடாதீர்கள். அவற்றில் பல பிவிசி, பச்சையாகப் பிசுபிசுத்துக் காசில் ஒட்டிக்கொள்ளும். மற்ற இரண்டுக்கும் விறைப்பான பாலியெஸ்டர் உறை வாங்குங்கள்.


மறுமொழி: செம்பூர்க்காரி

அண்ணனிடம் பேசிவிட்டேன் ஐயா. ஆவணித் திருவிழாவுக்குத் தாதர்–திருநெல்வேலி எக்ஸ்பிரஸில் மூன்று டிக்கெட் எடுத்துவிட்டார். நாங்கள் மூவரும் சேர்ந்து போகிறோம். 1862 அண்ணனுக்கு, புள்ளிகளை எண்ணியதிலிருந்து அதை அவர் கீழே வைக்கவில்லை. 1911 தங்கைக்கு, அந்த விரல் கோடுகளுக்காக அவளே கேட்டாள். எனக்கு 1918-இன் படமும் அந்த மஞ்சள் துணியும் போதும். காசை உண்டியலில் போட்ட பிறகு துணியைக் கொண்டுவந்துவிடுவேன்.

மேட்டு மங்கலை மறுபடி பார்த்தேன். சாம்பல்தான், தேய்மானம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அண்ணனோடு வருகிறேன், மூன்றையும் கொண்டுவருகிறேன். விளிம்பைப் பிடித்துத்தான் காட்டுவேன்.